நூறு நாளில் நூறு வெண்பா, அந்தாதியாக: தொடங்கும் முன் என்ன தீர்மானிக்க வேண்டும்?

எழுதுகோல்:
அனைவருக்கும் வணக்கம். நாளுக்கு ஒன்றாக நூறு நேரிசை வெண்பா (நான்கடிப் பாட்டு, இரண்டாம் அடியின் கடைசிச் சீர் தனிச்சொல்), அந்தாதித் தொடையில், அதாவது ஒரு பாட்டின் ஈற்றுச்சொல்லே அடுத்த பாட்டின் தொடக்கமாக, எழுதப்போகிறேன். நூறாவது பாட்டு முதல் பாட்டோடு வட்டமாக இணைந்து மண்டலிக்க வேண்டும். குறள் வெண்பா தளை தட்டாமல் (சீரோடு சீர் இணையும் விதி பிழைக்காமல்) வருகிறது. பெரும்பாலும் எங்கே சிக்கும்?

அசைக்கணக்கு:
தொடக்கச் சொல்லில்தான். நூறாவது பாட்டு அதே சொல்லில் முடிய வேண்டும். வெண்பாவின் ஈற்றுச்சீரோ நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளுக்குள் அடங்க வேண்டும். ‘வானம்’ என்று தொடங்கினால் அது தேமா என்ற ஈரசைச் சீர். அப்படியே ஈற்றில் வைக்க முடியாது. ‘வான்’ என்றால் நாள், ‘கடல்’ மலர், ‘பாட்டு’ காசு, ‘உலகு’ பிறப்பு. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி ‘பிறந்து’ என்று தொடங்கி, 101ஆம் வெண்பாவில் ‘பிறந்து’ என்றே முடிகிறது. பிறப்பு வாய்பாட்டில் கச்சிதமாக உட்காரும் சொல் அது.

அடுத்து எதுகை, அதாவது அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. இன்றைய ஈற்றுச்சொல் நாளைய பாட்டின் எதுகையைத் தீர்மானித்துவிடும். ‘கடல்’ என்று முடித்தால் உடல், மடல், இடம், படர், தொடர் என்று தாராளமாகக் கிடைக்கும். ‘நெஞ்சு’ என்று முடித்தால் அஞ்சு, பஞ்சு, நஞ்சு, கொஞ்சு என ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே சுற்ற வேண்டிவரும். ஒருமுறை அழகு, மூன்றாம் முறை அலுப்பு. எனவே முதல் பாட்டுக்கு முன்பே நாற்பது ஐம்பது ஈற்றுச்சொற்களையும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது எட்டு எதுகைச் சொற்களையும் நோட்டில் எழுதிவையுங்கள். பூ, தீ, கை போன்ற ஓரெழுத்துச் சொற்களை அவசரத்துக்கு என ஒதுக்கிவையுங்கள். அவற்றுக்கு இரண்டாம் எழுத்தே கிடையாது என்பதால் அடுத்த பாட்டு பூமி, பூட்டு, பூத்து என எந்த எதுகைக்கும் போகலாம்.

தளைகாவலன்:
எழுதும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். நான்காம் அடியின் மூன்று சீர்களை முதலில் எழுதி, பிறகு மூன்றாம் அடி, தனிச்சொல், கடைசியாக முதலிரண்டு அடிகள். முதலடியிலிருந்தே வந்தால் சொல்ல வந்தது இரண்டாம் அடியிலேயே தீர்ந்துபோய், பின்பாதி வெறும் நிரப்பலாகிவிடும். தொடர் முயற்சிகளில் அடிக்கடி காணும் குறை இது. எதுகை நெருக்கினால் இரு விகற்பமாக (முதலிரண்டு அடிக்கு ஓர் எதுகை, பின்னிரண்டுக்கு வேறு) எழுதலாம், தவறில்லை.

தளை தட்டுவது பெரும்பாலும் அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடத்திலும், தனிச்சொல்லுக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவிலும். அடியைத் தனித்தனியாகச் சரிபார்ப்பவர் கண்ணுக்கு இவை தப்பிவிடும். பதினைந்து சீரையும் ஒரே வரியாக எழுதி அலகிடுங்கள் (அசை பிரித்துப் பாருங்கள்). ‘வந்துநின்றான் குடிசையிலே’ என்பதில் காய் (நேரசையில் முடியும் மூவசைச் சீர்) முன் நிரையசை வந்து, வெண்பாவில் வரக்கூடாத கலித்தளை ஆகிறது. ‘வந்தான் குடிசையிலே’ என்று சுருக்கினால் மா (நேரசையில் முடியும் ஈரசைச் சீர்) முன் நிரை, சரி. இடையிலும் கடையிலும் வரும் ஐகாரத்தைக் குறிலாகக் கொள்ள வேண்டும்: ‘தாமரை’ கூவிளம் (நேர் நிரை).

நாள்வழி:
நாள் கணக்கு என் கண்ணை உறுத்துகிறது. 100 பாட்டு என்றால் 1500 சீர். தினமும் புதிதாக எழுதினால் திருத்த நேரம் எங்கே? வாரத்தில் ஆறு நாள் எழுதி, ஏழாம் நாள் அலகிடவும் திருத்தவும் மட்டும் வைத்தால் 116 நாளில் முடியும். நூறு நாள்தான் என்றால், ஐந்து பாட்டைக் கையிருப்பாக எழுதிவைத்துக்கொண்டு முதல் நாளைத் தொடங்குங்கள்.

எழுதுகோல்:
மிக்க நன்றி. திருத்தும்போது ஈற்றுச்சொல்லே மாறிவிட்டால்?

அசைக்கணக்கு:
அடுத்த பாட்டின் முதற்சீர் மாறும். அதோடு அதன் இரண்டாம் அடி எதுகையும் தனிச்சொல்லும் மாறும். பாதி வெண்பாவைத் திரும்ப எழுதுவதாகிவிடும். ஆகவே அடுத்த பாட்டைத் தொடங்கும் முன் முதற்சீரையும் ஈற்றுச்சீரையும் உறுதி செய்துவிட்டு, திருத்தங்களை நடுவிலுள்ள பதின்மூன்று சீர்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.