கேஸ்கட்டுக்கு ஒரு சொல் வேண்டும், திங்கட்கிழமைக்குள்

குன்னூர் தொழிற்பயிற்சி ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். இரு சக்கர வாகன மெக்கானிக் மாணவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. பட்டறைக்கு மைசூரில் செய்த பழைய ஜாவா 250 ஒன்று வந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பூட்டுவதுதான் பாடம். மற்ற உறுப்புகளுக்கெல்லாம் ஏதோ ஒரு சொல் கிடைத்துவிட்டது. இரண்டு உறுப்புகள் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க நடுவே வைக்கும் கேஸ்கட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் ‘அடைப்பான்’ என்று போட்டிருக்கிறார். எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டில் மாடு இருக்கிறது. அடைப்பான் என்றால் அவர்களுக்கு மாட்டுக்கு வரும் நோய். ‘ஹெட் அடைப்பானைச் சோதிக்கவும்’ என்றதும் கால்நடை டாக்டரைக் கூப்பிடலாமா என்கிறார்கள். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர், குன்னூர்:
தம்பி, ‘பேக்கிங்’னு எழுதிட்டுப் போங்க. பட்டறைக்காரன் எவனும் கேஸ்கட்னு கூடச் சொல்றதில்ல. சிலிண்டருக்கு மேல ஹெட் பேக்கிங், அடியில பேஸ் பேக்கிங், அவ்வளவுதான். ஆனா நியாயமாப் பார்த்தா அதுவும் தப்பு. நீராவி எஞ்சின்ல பிஸ்டன் ராடு முன்னும் பின்னும் ஓடுற இடத்துல சுத்தி அடைக்கிறதுதான் பேக்கிங். அசையாத ரெண்டு முகத்துக்கு நடுவுல வைக்கிறது கேஸ்கட். ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிட்டே பழகிட்டோம்.

கோத்தகிரி தமிழாசிரியை:
‘அடைதகடு’ என்று வைக்கலாம். வினைத்தொகை. அடைத்த தகடு, அடைக்கின்ற தகடு, அடைக்கும் தகடு என மூன்று காலத்துக்கும் பொருந்தும். தயவுசெய்து யாரும் ‘அடைத்தகடு’ என்று எழுத வேண்டாம், வினைத்தொகையில் வலி மிகாது. சென்ற மாதம் ‘சுடுதண்ணீர்’ பற்றி இங்கே பட்ட பாடு போதும்.

ஃபிட்டர்:
பேஸ்ல வைக்கிறது காகிதம், டீச்சர். சில வண்டியில கார்க்கு. தகடு எங்க இருக்கு?

கூடலூர் சித்த மருத்துவர்:
புதிதாகப் படைப்பானேன்? நம்மிடம் இருக்கிறதே, சீலை. மருந்தை அகலில் இட்டு, மேலகல் மூடி, வாய் பொருந்தும் இடத்தில் மண் தடவிய துணியைச் சுற்றி உலர்த்திப் புடம் போடுகிறோம். சீலைமண் செய்தல் என்று பெயர். ஆவி வெளியே போகக்கூடாது என்பதுதானே உங்களுக்கும் கவலை? அங்கே புடத்துத் தீ, இங்கே பெட்ரோல் தீ. ஆங்கிலத்து ‘சீல்’ கூட இதிலிருந்து போனதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

தமிழாசிரியை:
வைத்தியரே, சீலைமண்ணுக்கு ஒரு கும்பிடு. ‘சீல்’ இலத்தீன் ‘சிகில்லம்’ வழி வந்தது. முத்திரை என்று பொருள். அதை விட்டுவிடுங்கள்.

சித்த மருத்துவர்:
சிகில்லத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்கிறேன்.

(இதற்கு வந்த பதினோரு மடல்களை மட்டுறுத்துநர் வேறு இழைக்கு மாற்றியிருக்கிறார்.)

பயிற்சி ஆசிரியர்:
சீலை எனக்கும் பிடித்திருக்கிறது. பையன்கள் துணியைத் தேடுவார்கள் என்பதுதான் பயம். இன்னொன்று. கசிவை அடைப்பது அதன் பாதி வேலைதான். ஜாவா போன்ற டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் அடியில் வைக்கும் தாள் தடித்தால் சிலிண்டரே உயர்ந்துவிடும். புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட் முன்னதாகத் திறக்கும், கம்ப்ரஷன் குறையும். காலண்டர் அட்டையை வெட்டி வைக்காதே என்று நான் கத்துவது இதற்காகத்தான். மெல்லியதே போதும் என்று சிலிக்கானை அப்பினாலும் ஆபத்து. பிதுங்கியது பிய்ந்து உள்ளே போகும். வெறும் தாளும் கசிந்தால் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸுக்குள் காற்று புகுந்து, பெட்ரோல் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். நம் உயரத்தில் காற்று மெல்லியது. கீழே சரிசெய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலைக் கூடுதலாகவே கொடுக்கும். அதனால் சின்னக் கசிவு மலையில் தெரியாமல் ஒளிந்திருந்து, மேட்டுப்பாளையம் தாண்டி ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது குணத்தைக் காட்டலாம். ஆக, இடையில் இருப்பது, அளவோடு இருப்பது என்பதும் பெயரில் தெரிய வேண்டும். ‘இடையடை’ சரியா?

தமிழாசிரியை:
இடை, அடை. நடுவே யகர உடம்படுமெய். பொருந்தாத இரண்டு உயிருக்கு நடுவே ய் வந்து உட்கார்ந்து விட்டிசை கசியாமல் பார்த்துக்கொள்கிறது. சொல்லுக்குள்ளேயே ஒரு கேஸ்கட்! என் கட்சிக்கு எதிரான சொல், இருந்தாலும் ரசித்தேன்.

ஃபிட்டர்:
நல்லாத்தான் இருக்கு. கோயமுத்தூர்ல கடையில போய்க் கேட்டா அவியல் தொட்டுக்கவான்னு கேப்பான். பேர் எதுவா இருந்தாலும் ஹெட் நட்டைக் குறுக்கு மறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும்னு கொட்டை எழுத்துல போடுங்க. செம்பு பேக்கிங்கைத் திரும்பப் போடறதா இருந்தா செவக்கக் காய்ச்சித் தண்ணியில முக்கினா இளகிடும். அதையும் போடுங்க.

பயிற்சி ஆசிரியர்:
இரண்டையும் சேர்த்துவிட்டேன். ‘இடையடை’ என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். முதல் பக்கத்தில் ‘கடையில் பேக்கிங் என்று கேட்கவும்’ என்று ஒரு வரி. பெரும்பான்மை என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் களைத்துவிட்டோம்.

சித்த மருத்துவர்:
என் வாக்கு சீலைக்கே.

தமிழாசிரியை:
அச்சாகட்டும். ஆனால் ஏழாம் பக்கத்தில் ‘ஹெட் இடையடையையும் பேஸ் இடையடையையும் மாற்றவும்’ என்று வருகிறதே, அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தீர்களா? அடைதகடு என்பது என் மாறுபட்ட கருத்தாகப் பதிவில் இருக்கட்டும்.