ஜாவா ஃபெர்ன் அடியிலிருந்து அழுகுகிறது, எங்கே தப்பு செய்தேன்?

புதுத்தொட்டி:
ரெண்டடி மீன்தொட்டி வைத்து ஆறு வாரம் ஆகிறது. பத்து கப்பி மீன் இருக்கின்றன, அதுகளுக்கு ஒரு குறையும் இல்லை, குட்டிகூடப் போட்டுவிட்டன. செடிகள்தான் மானத்தை வாங்குகின்றன. ஜாவா ஃபெர்ன் ரெண்டு, அமேசான் ஸ்வார்ட் ஒன்று, பழுப்பு கிரிப்டோகோரைன் ஒன்று, எல்லாவற்றையும் ஆடாமல் நிற்கட்டும் என்று சரளைக்குள் நன்றாக அழுத்தித்தான் நட்டேன். இப்போது ஃபெர்னின் அடித்தண்டு கறுத்துக் கொழகொழவென்று இருக்கிறது, இலைக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் வேறு. கிரிப்டோ நாலே நாளில் கரைந்துபோனது. ஸ்வார்ட் மஞ்சளடிக்கிறது. லைட் காலை எட்டிலிருந்து இரவு பத்து வரை எரிகிறது, கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. கடையில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் போடச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?

பாசிக்காரன்:
சிலிண்டரை மறந்துவிடுங்கள், நீங்கள் வைத்திருக்கும் மூன்றுக்குமே அது தேவையில்லை. ஃபெர்னைப் பிடுங்கிப் பாருங்கள். இஞ்சி மாதிரி படுக்கைவாட்டில் ஒரு தண்டு இருக்கும், அதிலிருந்துதான் மேலே இலையும் கீழே வேரும் வருகின்றன, அதைப் புதைத்தால் அழுகத்தான் செய்யும். அனுபியாஸ் என்கிற தொட்டிச் செடிக்கும் இதே கதைதான். கறுத்த பகுதியை பிளேடால் வெட்டி எறிந்துவிட்டு, பச்சையாக, கெட்டியாக இருக்கும் துண்டை ஒரு கல்லில் நூலால் கட்டிப் போடுங்கள். நூல் மக்குவதற்குள் வேர் கல்லைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகள் நோய் இல்லை, வித்துப்பைகள். அதே இலையில் கொஞ்ச நாளில் குட்டிச் செடி முளைத்தால் பயந்துவிடாதீர்கள்.

செங்கல்பட்டு குளம்:
நூல் வேண்டாம், ஜெல் பதத்தில் வரும் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு போதும், தண்ணீருக்குள் இறுகிவிடும், மீனுக்கும் ஒன்றும் ஆகாது. கிரிப்டோவைப் பிடுங்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் தொடாதீர்கள். அது இலங்கை ஓடைகளில் இயற்கையாக வளர்கிற வெண்ட்டி என்கிற கிரிப்டோ வகையாக இருக்கலாம், கடைகளில் பழுப்பாக விற்பது பெரும்பாலும் அதுதான். இடம் மாறினாலே இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். நர்சரிகளில் பல செடிகளைத் தண்ணீருக்கு வெளியே ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள், அந்த இலை தண்ணீருக்குள் தாங்காது. அழுகிய இலையை மட்டும் கிள்ளிவிடுங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் மூன்று நாலு வாரத்தில் புது இலை எட்டிப்பார்க்கும். பொறுமை இல்லாமல் இடம் மாற்றி மாற்றி நட்டு நான் ரெண்டு கட்டு கிரிப்டோவைக் கொன்றவன்.

மீனாட்சி அக்கா:
தம்பி, பதினாலு மணி நேரம் லைட்டா! ஒரு டைமர் வாங்கி ஏழு மணி நேரத்துக்கு வையுங்கள், மாலையில் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வைத்தால் நீங்களும் ரசிக்கலாம். ஸ்வார்ட் பெரும்பாலும் வேரால் சாப்பிடும் செடி, வெறும் சரளையில் அதற்கு என்ன கிடைக்கும்? வேருக்குப் பக்கத்தில் ரூட் டேப், அதாவது வேருக்கான உர மாத்திரை, ஒன்றைப் புதையுங்கள். அப்புறம், பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கை சோதனைக்குப் புனலுக்குள் வைப்பார்களே ஹைட்ரில்லா, அதில் ஒரு கைப்பிடி மிதக்க விடுங்கள். மளமளவென்று வளர்ந்து பாசிக்குப் போகிற சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஏரியிலிருந்து எடுத்தால் ரெண்டு வாரம் தனி வாளியில் வைத்துப் பாருங்கள், தும்பியின் புழு ஒன்று உள்ளே வந்தால் கப்பிக் குட்டி ஒன்றும் மிஞ்சாது. வற்றுகிற அளவுக்கு போர் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள், உப்பு தங்கிக்கொண்டே போகும். வாரம் கால்வாசி எடுத்துவிட்டு மாற்றுங்கள்.

பாசிக்காரன்:
க்ளூ வெள்ளையாகத் தெரியும், அசிங்கம். நான் நூல் கட்சிதான்.

புதுத்தொட்டி:
எல்லோருக்கும் நன்றி. பிடுங்கிப் பார்த்தேன், ஒரு ஃபெர்ன் மொத்தமும் போயிற்று, இன்னொன்றில் விரல் நீளம் பச்சைத் தண்டு மூன்று இலையோடு மிஞ்சியது. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்துக் கட்டியிருக்கிறேன். கிரிப்டோ இருந்த இடத்தைக் கிளறினேன், வேர் வெள்ளையாகத்தான் இருக்கிறது, அப்படியே மூடிவிட்டேன். நூல் பாலியஸ்டர் போலிருக்கிறது, மக்காதே, பரவாயில்லையா?

பாசிக்காரன்:
பரவாயில்லை. வேர் பிடித்ததும் வெட்டி உருவிவிடுங்கள்.