மெயில்சிம்ப் லைப்ரரி: பட்டியலில் இருப்பவருக்கே 404 வருகிறது

கேட்டவர்: வணக்கம். பட்டியலில் உள்ளவர்களுக்கு மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் சேவையான மெயில்சிம்ப்பின் மார்க்கெட்டிங் லைப்ரரியைப் பைத்தானில் பயன்படுத்துகிறேன். படிவத்தில் பெயரை மாற்றுகிறவர்களின் விவரத்தைப் பட்டியலிலும் திருத்த வேண்டும். பெரும்பாலானோருக்குச் சரியாக நடக்கிறது, சிலருக்கு மட்டும் 404, அதாவது ‘அப்படி ஒருவர் இல்லை’ என்ற பிழை. அவர்கள் பட்டியலில் இருப்பதை உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன். சரி, புதிதாகவே சேர்ப்போம் என்று பார்த்தால் ‘ஏற்கெனவே இருக்கிறார்’ என்று 400 வருகிறது. இரண்டு நாளாக இதிலேயே கிடக்கிறேன்.

பதில் 1: ஏபிஐ கீயின் (மெயில்சிம்ப் தரும் அணுகல் சாவி) கடைசியில், சிறு கோட்டுக்குப் (-) பிறகு யுஎஸ்6 மாதிரி ஒன்று இருக்கும். சர்வர் என்ற இடத்தில் அதையேதான் கொடுத்திருக்கிறீர்களா?

கேட்டவர்: ஆமாம். இணைப்பைச் சோதிக்கும் பிங் அழைப்புக்கும் ஒழுங்காகப் பதில் வருகிறது.

பதில் 2: கீ தவறென்றால் எல்லோருக்குமே 401 (அனுமதி இல்லை) வந்திருக்கும். அதை விடுங்கள். உறுப்பினரைத் தேடும் ஹேஷை (கணக்கிட்டு எடுக்கும் அடையாளக் குறி) எதிலிருந்து எடுக்கிறீர்கள்? 404 வந்த முகவரிகளை மற்றவற்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே போட வேண்டாம்.

கேட்டவர்: பார்த்தேன். மொத்தம் 14. அதில் 13 பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. மீதி ஒன்றின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. படிவத்தில் வந்ததை அப்படியே, ஹேஷ் கணக்கிடும் எம்டி5-க்குக் கொடுக்கிறேன்.

பதில் 2: அதுதான் விஷயம். முகவரியைச் சிறிய எழுத்தாக்கி, அதன் எம்டி5-ஐத்தான் மெயில்சிம்ப் அடையாளமாக வைத்திருக்கிறது. ஓர் எழுத்து பெரிதானாலும் 32 எழுத்து ஹேஷ் முழுக்க வேறாகிவிடும். அந்த ஹேஷில் யாரும் இல்லை, அதனால் 404. சேர்க்கும்போது போவது ஹேஷ் இல்லை, முகவரி. அதனால்தான் அங்கே ஆளைக் கண்டுபிடித்து 400 தருகிறது. கைபேசி விசைப்பலகை முதல் எழுத்தைத் தானே பெரிதாக்கிவிடும், எழுதியவர்கள் மேல் தப்பில்லை. முதலில் ஸ்ட்ரிப் (ஓரத்து இடைவெளியை நீக்க), அப்புறம் லோயர் (சிறிய எழுத்தாக்க), அதற்குப் பிறகுதான் எம்டி5.

இன்னொன்று. சேர்க்கவும் திருத்தவும் தனித்தனி அழைப்பு வேண்டாம், செட் லிஸ்ட் மெம்பர் இரண்டையும் செய்யும். அதில் சந்தா நிலைக்கு, புதியவர்களுக்கு மட்டும் பொருந்தும் ஸ்டேட்டஸ் இஃப் நியூவை மட்டும் கொடுங்கள். ஸ்டேட்டஸ் என்பதையும் சேர்த்து அனுப்பினால், அஞ்சல் வேண்டாம் என்று விலகியவரை அவர் கேட்காமலே திரும்ப இழுத்துவர முயல்கிறோம் என்றாகிவிடும். தயவுசெய்து இதில் கவனமாக இருங்கள்.

கேட்டவர்: 14 பேருக்கும் சரியாகிவிட்டது. ஸ்டேட்டஸ் என் கோடில் இருந்தது, எடுத்துவிட்டேன். என் முகவரியையே பட்டியலிலிருந்து விலக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். பெயர் மாறியது, நான் விலகியவனாகவே இருக்கிறேன். மிக்க நன்றி நண்பரே.