பத்து வரைக்கும் தமிழ் மீடியம், ப்ளஸ் ஒன் இங்கிலீஷ் மீடியம்: பிள்ளை ராத்திரி அழுதா, என்ன செய்ய?

முக்கூடல் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க முக்கூடல் பக்கம், நான் வீட்டுல பீடி சுத்துதேன். மூத்தவ பத்து வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியம், சயின்ஸ்ல 94 எடுத்தா. அதே ஸ்கூல்லயே ப்ளஸ் ஒன் இங்கிலீஷ் மீடியம் ஆசைப்பட்டு சேர்ந்தா, இப்போ மூணு வாரமா ராத்திரி புக்க விரிச்சு வச்சுக்கிட்டு அழுதா. எம்மா, கணக்கு போட வருது, கேள்வில என்ன கேக்காங்கன்னுதான் புரியலங்கா. எங்க மதினி பாளையங்கோட்டைல பிரைவேட் ஸ்கூல்ல சேருன்னு சொல்லுதாங்க. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். தமிழ் மீடியத்துக்கே மாத்திரவா, பிரைவேட்டுக்கு அனுப்பவா?

களக்காட்டுத் தம்பி:
அக்கா, நானும் இப்படி மாறுனவன்தான், காலாண்டுல பிசிக்ஸ் 31. அப்புறம் ரெண்டு மீடியம் புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சேன். பாடம், படம், கணக்கு எல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுபோலதான் வரும், தமிழ்ல ஒருதடவை வாசிச்சுட்டு இங்கிலீஷ்ல வாசிச்சா பாதி பயம் போயிரும். பாடநூல் கழக வெப்சைட்ல பிடிஎஃப் ஃப்ரீயாவே இருக்கு, போன்ல இறக்கிக் கொடுங்க. பத்தாம் வகுப்பு சயின்ஸ்ல முதல் பாடமே இயக்க விதிகள்தான், அதேதான் ப்ளஸ் ஒன் பிசிக்ஸ்ல மூணாவது யூனிட். பிள்ளைக்கு விசை, உந்தம், முடுக்கம் எல்லாம் ஏற்கனவே தெரியும், அதுக்கு இங்கிலீஷ்ல வேற பேரு, அவ்வளவுதான்.

அம்பை டீச்சர்:
உங்க பிள்ளை சரியா சொல்லியிருக்கா. என் கிளாஸ்லயும் தமிழ் மீடியத்துலருந்து வார பிள்ளைங்க ஃபோர்ஸ், மாஸ்ஸை ஒரு மாசத்துல பிடிச்சுக்கிடுவாங்க. மாட்டிக்கிடுதது டிஃபைன், ஸ்டேட், டிரைவ், டிஸ்டிங்குவிஷ் இந்த மாதிரி வார்த்தைலதான். டிரைவ்னா சூத்திரத்தை வருவிக்கணும், ஸ்டேட்னா விதியை மட்டும் சொன்னா போதும்னு தெரியாம ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்து நிப்பாங்க, பாவம். பழைய கொஸ்டின் பேப்பர் நாலு எடுத்து கேள்வி எப்படி ஆரம்பிக்குதுன்னு மட்டும் ஒரு நோட்டுல எழுதி, பக்கத்துல தமிழ் அர்த்தம் போடச் சொல்லுங்க. இருபது முப்பது வார்த்தைக்கு மேல வராது. ராத்திரி அவ படிச்சதை உங்ககிட்ட தமிழ்ல சொல்லட்டும், நீங்க பீடி சுத்திக்கிட்டே கேட்டா போதும், தமிழ்ல சொல்லத் தெரிஞ்ச பிறகு இங்கிலீஷ்ல எழுதட்டும். 2025-26லருந்து ப்ளஸ் ஒன்னுக்கு பப்ளிக் எக்ஸாம் கிடையாது, மூச்சுவிட நேரம் இருக்கு, ஆனா பாடத்தை விட்டுராதீங்க, நீட்டுல ப்ளஸ் ஒன் பாடமும் வரும்.

பேட்டை அண்ணாச்சி:
தங்கச்சி, பிரைவேட்டுக்கு மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. ஆறுலருந்து பன்னிரண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சாத்தான் மெடிக்கல், இன்ஜினியரிங்ல அந்த 7.5 சதவீத இடஒதுக்கீடு. காலேஜ் போனதும் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் இருக்கு. இடையில பிரைவேட்டுக்குப் போனா ரெண்டும் போயிரும், அதே ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம் படிச்சா போகாது. தமிழ் மீடியத்துக்கு மாறுறதும் தப்பில்ல, நீட் தமிழ்லயே எழுதலாம். அரசு வேலைல தமிழ் மீடியத்துக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, டிகிரி கேக்குற வேலைன்னா டிகிரி வரைக்கும் தமிழ்லயே படிச்சிருக்கணும்.

முக்கூடல் அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த 7.5 விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, மதினிகிட்ட சொல்லிட்டேன், ஸ்கூலை மாத்தல. பிடிஎஃப் இறக்கியாச்சு. டீச்சர், அந்த நோட்டுல அவ இன்னைக்கு பதினோரு வார்த்தை எழுதிட்டா. கெமிஸ்ட்ரிக்கும் பயாலஜிக்கும் தனி நோட்டு வேணுமா, ஒரே நோட்டு போதுமான்னு கேக்கச் சொன்னா.