ரியாலிட்டி ஷோவுல வர்ற பாராலிம்பிக் நீச்சல் வீரர் தன் காலையே கலாய்க்கிறாரு, நாம சிரிக்கலாமா?

முத்துக்குளி:
ஒரு வீட்டுக்குள்ள எல்லாரையும் அடைச்சு வெச்சு வாராவாரம் ஒருத்தரை வெளிய அனுப்புவாங்கல்ல, அந்த டைப் ஷோ ஒன்னு பாத்துட்டு இருக்கேன், பேர் சொன்னா ஸ்பாய்லர்னு திட்டுவீங்க. அதுல ஒருத்தர் பாராலிம்பிக்ல நீந்துனவரு. முட்டிக்குக் கீழ ஒரு கால் கிடையாது, செயற்கைக் கால் போட்டிருக்காரு. ஆளு செம காமெடி. முதல் நாளே, "என் காலை வாரணும்னு நெனைக்கறவங்க எந்தக் கால்னு முதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க"ன்னாரு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன், பக்கத்துல இருந்த அக்கா "பாவம்டா, அதுக்குப் போய் சிரிக்கறியே"ன்னு முறைச்சாங்க. ஷோவுக்குள்ள இருக்கறவங்களும் பாதிப்பேர் சிரிக்கறதா வேணாமான்னு முழிக்கறாங்க. அவரா சொல்ற ஜோக்குக்கு சிரிக்கறதுல என்ன தப்பு? இல்ல, சோகத்தை மறைக்கத்தான் அப்படிப் பேசறாரா?

பட்டர்ஃப்ளை100:
சோகமும் இல்ல ஒன்னும் இல்ல. பாரா நீச்சல் நடக்கற குளத்துப் பக்கம் நான் நிறைய இருந்திருக்கேன், அங்க பேச்சே இப்படித்தான். போட்டியில செயற்கைக் கால் கையோட தண்ணியில இறங்க விடமாட்டாங்க, அதனால எல்லாம் கரையிலதான் கிடக்கும், யாரோடது யாருக்குன்னு கிண்டல் ஓடாம இருக்குமா? கண்ணு தெரியாதவங்க நீந்தற எஸ்11ங்கற வகுப்புல எல்லாருமே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கணும், சுவர் வருதுன்னு சொல்ல கரையில ஒருத்தர் நுனியில மெத்துன்னு இருக்கற கம்பை வெச்சுத் தட்டுவாரு. அந்தத் தட்டு கொஞ்சம் லேட் ஆச்சுன்னா நேரா சுவத்துலதான். ரெண்டு கையும் இல்லாதவங்க ரேஸை முடிக்கறதே தலையால சுவத்தைத் தொட்டுத்தான், சீனாவோட ஜெங் தாவ் அப்படி முட்டி முட்டியே டோக்கியோவுல 4 தங்கம் வாங்குனாரு. இதையெல்லாம் தினம் பாக்கறவன் ஜோக் அடிக்காம என்ன பண்ணுவான்.

இன்னொன்னு, உடம்பை வெச்சு அவங்களை எடை போடறது அவங்களுக்குப் புதுசே இல்ல. எஸ்1ல இருந்து எஸ்10 வரைக்கும் உடல் குறைபாட்டுக்கு வகுப்பு இருக்கு, நம்பர் சின்னதாக ஆக பாதிப்பு ஜாஸ்தின்னு அர்த்தம், உங்காளு மாதிரி இருக்கறவங்க பெரும்பாலும் 9, 10 பக்கம் வருவாங்க. எது ஆடும் எது ஆடாதுன்னு ஆளுங்க உக்காந்து சோதிச்சு மார்க் போட்டுத்தான் வகுப்பே குடுப்பாங்க. அதுல சின்ன வயசுலேயே பழகுனவருக்கு உங்கக்கா முறைக்கறதெல்லாம் ஒரு மேட்டரா?

கத்திரிமேசை:
நான் வீடியோ எடிட்டிங் வேலை பாக்கறேன், ரியாலிட்டி இல்ல, ஆனா சூட்சுமம் ஒன்னுதான். சிரிப்பு வரணுமா பரிதாபம் வரணுமாங்கறது அவரு கையில பாதிதான் இருக்கு, மீதி மேசையில முடிவாகுது. அவரு ஜோக் சொன்னதும் அடுத்த ஷாட்ல யாராவது கண்ணைத் துடைச்சா மேட்டர் முடிஞ்சுது. அதுவே பக்கத்துல இருக்கறவன் திருப்பிக் கலாய்க்கறதை வெச்சா அதே ஜோக் ஜோக்காவே நிக்கும். அவரு செயற்கைக் காலை மாட்டற ஷாட் வரும்போதெல்லாம் பியானோ வருதான்னு கவனிங்க, வந்துச்சுன்னா உங்கக்காவைத் திட்டாதீங்க, அவங்களைப் பாவம்னு சொல்ல வெச்சதே அந்த மியூசிக்தான்.

டான்ஸ் ஷோல இது கொஞ்சம் கம்மி, ஏன்னா மேடையில ஆடுனதை நாமளே பாத்துடறோம். உயரம் ரொம்பக் கம்மியான எல்லி சிம்மண்ட்ஸ் 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்ல 13 வயசுல 2 தங்கம் வாங்குன நீச்சல்காரி, 2022ல பிபிசியோட ஸ்ட்ரிக்ட்லிங்கற டான்ஸ் ஷோல ஆடுனாங்க. பார்ட்னர் நிகிதா குஸ்மினுக்கும் அவங்களுக்கும் உயரத்துல அவ்ளோ வித்தியாசம், அதுக்குத் தகுந்த மாதிரி ஸ்டெப்பையே மாத்தி அமைச்சாங்க. பாக்கறவனுக்கு ஒரு நிமிஷத்துல அந்த வித்தியாசம் மறந்துபோகும். அமெரிக்காவோட டான்சிங் வித் த ஸ்டார்ஸ் ஷோவுல 2017ல ஆடுன விக்டோரியா ஆர்லென் கதை இன்னும் விசேஷம், லண்டன் 2012 பாராலிம்பிக் நீச்சல்ல தங்கம் வாங்குனவங்க, காலுல உணர்ச்சியே சரியா இல்லாம ஆடுனாங்க.

ஒத்தக்கால்கொக்கு:
எனக்கும் ஒரு கால் கிடையாது, அதனால ஒரு மாத்துக் கருத்து. அவரு காமெடியா இருக்கறது நல்லா இருக்கு, ஆனா அடுத்து எங்களைப் பாக்கறவன் எல்லாம் ஜோக்கை எதிர்பாக்க ஆரம்பிச்சுடறான். முன்னாடி எல்லாரும் எங்களைப் பாத்து கண்கலங்குனாங்க, இப்ப "ஒரு ஜோக் சொல்லுங்க ப்ரோ"ங்கறாங்க, ரெண்டுமே வேலைதான். எனக்குக் காலையில எழுந்தா சிடுசிடுன்னுதான் இருக்கும், செயற்கைக் கால் மாட்டற சாக்கெட் உரசுற அன்னிக்கு இன்னும் மோசம்.

சிரிக்கலாமான்னா தாராளமா சிரிங்க. ஆனா அவரு சொன்ன ஜோக்கை நீங்க வேற ஒருத்தர்கிட்ட எடுத்து விடாதீங்க. அவரு மைக்ல அவரு காலைப் பத்திப் பேசறாரு, என் காலைப் பத்திப் பேச அவரு உங்களுக்கு லைசென்ஸ் குடுக்கல.

முத்துக்குளி:
இது சரியான பாயிண்ட் அண்ணே. இன்னொரு டவுட், அவரு இப்படி எல்லாரையும் சிரிக்க வெக்கறது கேம் ஸ்ட்ராடஜியா இருக்குமோ? தண்ணி டாஸ்க் வந்தா மத்தவங்க எல்லாரும் காலி, அது அவங்களுக்கும் தெரியும்ல.

கத்திரிமேசை:
இருந்தா என்ன, எல்லாரும் அதுக்குத்தானே போயிருக்காங்க. 2010ல வந்த அமெரிக்க ரியாலிட்டி ஷோ சர்வைவரோட நிகராகுவா சீசன்ல செயற்கைக் கால் போட்ட கெல்லி புரூனோன்னு ஒரு போட்டியாளர், அவங்க கடைசி வரைக்கும் வந்தா பரிதாப ஓட்டு விழும்னு பயந்து ஒருத்தர் குறிவெச்சே பேசுனாங்க. உள்ள இருக்கறவங்களுக்கு அந்த பயம் எப்பவும் உண்டு. பரிதாபத்தை ஜோக் அடிச்சே காலி பண்ணிட்டா அந்தக் காரணம் சொல்லி அவரை நாமினேட் பண்ண முடியாது பாருங்க. நல்ல மூளை.

பட்டர்ஃப்ளை100:
தண்ணி டாஸ்க்ல வெச்சு செய்வாருங்கறதை மட்டும் நம்பாதீங்க. லேன்ல நேரா நீந்தறது வேற, சேத்துல கயிறு புடிச்சு ஏறி பானையில தண்ணி ரொப்பறது வேற. ஸ்டாமினா கண்டிப்பா இருக்கும்.

வெள்ளிக்கிழமைஓட்டு:
நானும் அதே ஷோதான் பாக்கறேன்னு நெனைக்கறேன். எல்லாம் சரி, காமெடி சூப்பர், ஆனா ஒருத்தர் கூட சொல்லலையே, பாத்திரம் கழுவற முறை வந்தா மட்டும் மனுஷன் எங்க போறாருன்னு கேமராவே தேடுது, கேட்டா அதுக்கும் ஒரு ஜோக். மூணு வாரமா அந்தச் சின்னப் பொண்ணுதான் அவரு பங்கையும் சேத்துக் கழுவுது. என் ஓட்டு அந்தப் பொண்ணுக்குத்தான்.