அடியிலை நுனி கருகினால் உப்பா, சாம்பல்சத்தா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

வேதாரண்யம் மாதிரி கடலோர வயல்களில் நெல்லின் அடியிலை நுனி கருகினதும் பொட்டாஷ் போடச் சொல்லிவிடுகிறார்கள். சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், குறைந்தாலும் அடியிலை நுனியில்தான் தொடங்கும், அதனால் வரும் குழப்பம். உப்பு என்றால் வயல் முழுக்க ஒரே சீராக வராது. திட்டுத் திட்டாகப் பயிர் குன்றும், நுனி வெளுத்துச் சுருளும். நீரால் நிறைவூட்டிய மண்ணின் சாற்றில் மின்கடத்துதிறன் (ஈ.சி.) மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் இறங்கும். முதலில் மண்ணைப் பாருங்கள்.

—

மண்ணோடு இலையையும் பாருங்கள். ஆனால் தாளையும் (இலையின் விரிந்த பகுதி) உறையையும் (தண்டைச் சுற்றியிருக்கும் இலையின் அடிப்பகுதி) ஒன்றாக அரைத்தால் கணக்கு கெட்டது. நெல் சோடியத்தை உறையிலேயே தேக்கி, தாளுக்குப் போவதைக் குறைக்கும். மிஞ்சுவது முதிர்ந்த இலைகளில் சேரும். எனவே உறை, அடித்தாள், இளந்தாள் மூன்றும் தனித்தனி. கையுறை போட்டுப் பறித்து, அயனி நீக்கிய நீரில் சட்டென்று அலசுங்கள். ஊறவிட்டால் பொட்டாசியம் கசிந்துவிடும். 70 டிகிரியில் உலர்த்தி அரைத்த தூள் 100 மி.கி., 100 மில்லிமோலார் அசிட்டிக் அமிலம் 10 மி.லி., 90 டிகிரி நீர்த்தொட்டியில் 2 மணி நேரம். வடிகட்டி, சுடரின் ஒளியை வைத்து சோடியம், பொட்டாசியத்தை அளக்கும் பிளேம் போட்டோமீட்டரில் படித்தால் போதும். கண்ணாடிக் குப்பி வேண்டாம், அதிலிருந்தே சோடியம் வரும்.

—

தாளுக்குள்ளும் சமமாகப் பரவாது. பார்லியில் கால்சியமும் குளோரைடும் புறத்தோல் செல்களில், பாஸ்பரஸ் மேல், கீழ்ப் புறத்தோல்களுக்கு நடுவே உள்ள இலையிடைத் திசுவில். கால்சியமும் பாஸ்பேட்டும் ஒரே வாக்குவோலில் (செல்லுக்குள் உள்ள நீர்ப்பை) குவிந்தால் வீழ்படிவாகி இரண்டும் பயன்படாமல் போகும் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். இருவித்திலைத் தாவரங்களில் கால்சியம் பெரும்பாலும் இலையிடைத் திசுவுக்கு இடம் மாறும். ஆக, மொத்த இலை அளவை வைத்துச் செல் நிலையை ஊகிக்க முடியாது. சோடியம் வாக்குவோலுக்குள் அடைபட்டால் செல் தாங்கும், அதற்கு வெளியே உள்ள செல் சாறான சைட்டோபிளாசத்தில் ஏறினால் நொதிகள் முடங்கும். வாக்குவோலில் உப்பு ஏற ஏற, சவ்வூடு அழுத்தத்தைச் சமன்செய்ய சைட்டோபிளாசத்தில் புரோலின், பீட்டைன் போன்ற, செல்லுக்குத் தீங்கு செய்யாத கரிமச் சேர்மங்கள் சேரும். பீட்டைன் பார்லியில் சேரும், நெல்லில் சேராது. புத்தகங்களில் இரண்டு பயிரையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள்.

—

அலசுவது பற்றி ஒரு விதிவிலக்கு. பிச்சாவரத்துச் சதுப்புநில மரமான வெண்கண்டலின் இலையில் உப்புச் சுரப்பிகள் உண்டு, வெயிலில் மேற்பரப்பில் படிகம் நிற்கும். அலசிய நீரைக் கொட்டினால் செடி வெளியேற்றிய உப்புக் கணக்கே போச்சு. 10 மி.லி. நீரில் அலசி, அதைத் தனியாக அளந்து இலைப் பரப்பால் வகுக்கவும். பக்கத்திலேயே நிற்கும் சுரபுன்னைக்கு இது தேவையில்லை. அதற்கு உப்புச் சுரப்பி கிடையாது, பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடும்.