தினமும் படிக்கிற பழக்கம் நிலைக்க என்ன வழி?

கேள்வி (சிவதாபுரம்):
வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு பற்றவைக்கிற வேலைங்க. குரூப் 4 எழுதணும். மூணு மணி நேரம் படிக்கன்னு அட்டவணை போட்டா ஒரு வாரம் ஓடுது, ஆர்டர் நெருக்கினா நின்னுடுது.

பதில் (அம்மாபேட்டை):
தங்கச்சி, மூணு மணி நேரத்தை விடுங்க. ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துல ஒரே பக்கம், காலை டீ டம்ளரைக் கழுவி வெச்ச கையோட. மணி பார்த்து உட்காராதீங்க. கரண்ட் போகும், பாவு தீரும், சொந்தக்காரங்க வருவாங்க; டீ மட்டும் தவறாது. தறி ஓட்டிக்கிட்டே நான் படிச்சது இப்படித்தான். ராத்திரியே புத்தகத்தை அடுப்புமேடை பக்கத்துல வெச்சிடுவேன். தேடப் போனா செல்போன்தான் கையில வரும். தமிழ்ல ஆரம்பிக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு: 200 கேள்வியில 100 தமிழ். அந்த 150 மார்க்குல 60 வரலைன்னா தரவரிசையே கிடையாது.

பதில் (ஏற்காடு):
அக்கா சொல்றது சரி. 21 நாள்ல பழக்கம் வந்துடும்ங்கிற பேச்சை நம்பாதீங்க. லண்டன்ல பிலிப்பா லாலி குழு 2010ல வெளியிட்ட ஆய்வுல நடுவாந்திரமா 66 நாள் ஆச்சு. ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 வரை. இடையில ஒருநாள் விட்டதால பெரிய பாதிப்பு இல்லை.

கேட்டவர்:
சனிக்கிழமை கணக்கு முடிக்கிற நாள், மூச்சு விட முடியாது. அன்னைக்கு?

பதில் (அம்மாபேட்டை):
அன்னைக்கு ஒரு திருக்குறள் போதும். புத்தகத்தைத் திறக்காம மட்டும் இருக்காதீங்க.